மழையில் வண்டி ஓட்டுவோருக்கும், ஓட்டச் சொல்வோருக்கும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, வாகன ஓட்டுநர்களும் அவர்களின் குடும்பத்தினரும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பின் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

மழைக்காலத்தில் வண்டி ஓட்டுவது பற்றிய கூட்டம்தானே, ஓட்டுநர்களை மட்டும் அழைத்தால் போதாதா, குடும்பத்தினரையும் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறோம். கொட்டும் மழையில் ஒரு வண்டி சாலையில் போகிறது என்றால், அதன் ஸ்டீயரிங் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைக் கிளப்பியவர் பெரும்பாலும் வேறொருவராக இருக்கிறார். "ஃபிளைட் போயிரும், நீ எடுப்பா" என்று சொன்ன வாப்பா. "நிக்காஹ் நேரம் தப்பினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்று கவலைப்பட்ட மாமா. "மையித்தை உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறோம், சீக்கிரம் வந்து சேருங்கள்" என்று போன் செய்த உறவினர். "இன்றைக்கு லோடு இறங்கவில்லை என்றால் வாடகை கிடையாது" என்று சொன்ன முதலாளி. இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். நாம்தான் அவர்கள். ஆகவே இன்றைய பேச்சு இரண்டு தரப்புக்கும் உரியது.

நின்ற ரயில் சொன்ன பாடம்

மழை என்றால் என்ன என்பதை நமது தூத்துக்குடி மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அது அதிகனமழை. அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் பாலம் சேதமாகிப் போக்குவரத்து அறுந்தது. தூத்துக்குடி நகரமே தீவானது.

அந்த இரவில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறோம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ரயில் நின்ற நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் அலுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் அலுவலகம், நேர்காணல், மருத்துவமனை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம் இருந்திருக்கும். இரண்டு நாள் சிக்கிக் கிடந்தார்கள். பசித்தார்கள். சுற்றுவட்டார ஊர் மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. எல்லாரும் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த ரயிலைக் காப்பாற்றியது அதன் வேகமோ ஓட்டுநரின் துணிச்சலோ இல்லை. நிறுத்து என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். ரயிலில் அப்படிச் சொல்ல ஒரு நிலைய அதிகாரி இருக்கிறார், சிக்னல் இருக்கிறது. நம் வீட்டுக் காருக்கும் வேனுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்? இதுதான் இன்றைக்கு நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தவக்கலும் துணிச்சலும்

இந்த இடத்தில் மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிற இரண்டு பேச்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, "அல்லாஹ் எழுதியதுதான் நடக்கும், தவக்கல் வைத்துப் போவோம்" என்பது. கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்கல் வைக்க வேண்டும் என்ற நபிவழியை மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். தேய்ந்த டயரோடு, தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தில் வண்டியை இறக்கிவிட்டு அதற்குத் தவக்கல் என்று பெயர் வைப்பது, கட்டாத ஒட்டகத்துக்குப் பாதுகாப்புக் கேட்பது போன்றது.

இன்னொன்று, "வெள்ளத்தில் மூழ்கினால் ஷஹீதின் அந்தஸ்து" என்பது. அந்த நற்செய்தி உண்மையானது. அது உயிரை இழந்த குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்க வந்த ஆறுதல். பின்னிருக்கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

மார்க்கம் நமக்குக் காட்டும் வழி எவ்வளவு இலகுவானது என்று பாருங்கள். குளிரும் மழையுமான இரவுகளில், மக்கள் தங்கள் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளலாம் என்று முஅத்தினை அறிவிக்கச் சொன்ன வழிமுறை நபிகளார் காலத்திலேயே இருந்தது. ஜமாஅத் தொழுகையின் சிறப்பை நாம் அறிவோம். அந்தத் தொழுகைக்கே மழைக்காகச் சலுகை உண்டென்றால், நமது வலீமா விருந்துக்கும், பெண் பார்க்கும் சடங்குக்கும், கடை திறப்பு விழாவுக்கும் சலுகை கிடையாதா? அல்லாஹ் கொடுத்த இலகுவை நம் சம்பிரதாயம் பறிக்கலாமா?

வழியில் வக்து போய்விடுமே என்று மழையில் வேகம் கூட்டுகிறவர்களும் உண்டு. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும், நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி சேர்த்துத் தொழவும் இடம் இருக்கிறது. அதற்கான நிபந்தனைகளைக் கிளம்பும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துவைத்திருப்பவர் சாலையில் பதற்றப்பட மாட்டார்.

கிளம்பும் முன்

இனி நடைமுறைக்கு வருவோம். மழையில் ஏற்படும் ஆபத்துகளில் பாதியை வீட்டு வாசலிலேயே தவிர்த்துவிடலாம்.

முதலில் எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பு நடவடிக்கை எடு. ஆரஞ்சு நாளில் தவிர்க்கக்கூடிய எந்தப் பயணத்தையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு நாளில் ஆஸ்பத்திரி அவசரம் தவிர வேறு எதற்கும் வண்டியை எடுக்காதீர்கள். புறப்படும் ஊரின் எச்சரிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, போகிற வழியில் உள்ள மாவட்டங்களின் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். அடுத்த 3 மணி நேரத்துக்கான மாவட்ட வாரியான முன்னறிவிப்பையும் வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிறது. தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியிலும் எச்சரிக்கைகள் கிடைக்கும்.

மழை நின்றுவிட்டது என்பதால் சாலை சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நம் பகுதியில் வெள்ளம் மேற்கேயிருந்து வருகிறது. மலையில் பெய்தது ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து குளத்துக்கும், உடைந்த குளத்திலிருந்து சாலைக்கும் வந்து சேர நேரம் பிடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி, விழுப்புரம் அருகே அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது டிசம்பர் 2ஆம் தேதி. புயல் போய்விட்டது என்று நம்பிக் கிளம்பியவர்கள் நெடுஞ்சாலையில் நின்றார்கள்.

அடுத்து வண்டி. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சட்டப்படியே சாலைக்கு ஆகாது. பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அந்தப் பள்ளங்கள்தான் சாலையில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. மொட்டை டயர் தண்ணீரைத் தள்ளாது, அதன் மேல் ஏறி வழுக்கும். வைப்பர் ரப்பரை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் கண்ணாடியைத் துடைக்காது, கோடு போடும். பிரேக்கையும், முன் பின் விளக்குகளையும் பாருங்கள்.

வண்டியில் ஒரு பை எப்போதும் இருக்கட்டும். குடிநீர், பேரீச்சம்பழம், பிஸ்கட், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கயிறு, விசில், முதலுதவிப் பொருள்கள், சர்க்கரை நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டியவை. கண்ணாடி உடைக்கும் சிறிய சுத்தியல் ஒன்றை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் பயனில்லை. வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் நனையாத உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் மழை பிடித்துக்கொண்டால்

மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்திருக்கும் ஆயிலும் புழுதியும் தண்ணீரோடு கலந்து சோப்புப் போலாகிவிடும். தூறல்தானே என்று அப்போது வேகம் குறைக்காதவர்தான் முதலில் சறுக்குகிறார்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். ஈரச் சாலையில் அதற்குப் பிறகும் வண்டி நிற்க நிறைய தூரம் வேண்டும். ஆகவே முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதிலிருந்து எண்ணத் தொடங்கினால், நாம் அதே கல்லைத் தொட குறைந்தது 4 நொடி ஆக வேண்டும்.

வேகமாகப் போகும்போது திடீரென ஸ்டீயரிங் இலேசாகிவிட்டதுபோல் தோன்றினால், டயர் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கிறது என்று பொருள். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்கவோ ஸ்டீயரிங்கைத் திருப்பவோ கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும்.

முன் விளக்கைப் பகலிலும் போடுங்கள், ஆனால் டிம்மில் போடுங்கள். பிரைட் வெளிச்சம் மழைத்துளிகளில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடம் பரவியிருக்கிறது. அது தவறு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதும், வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். அந்த விளக்கு வண்டியை ஓரத்தில் நிறுத்திய பிறகு போடுவதற்கு. கண்ணாடியின் உட்புறம் புகைபோல் மங்கினால் ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் பாதை தெரியவில்லை என்றால், நின்றுவிடுங்கள். ஆனால் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்கும் உங்களைப் போலவே பாதை தெரியாது. பெட்ரோல் பங்க், டோல்கேட்டை ஒட்டிய இடம், ஹோட்டல், ஊருக்குள் உள்ள பள்ளிவாசல் என்று சாலையை விட்டு விலகி மேடான இடத்தில் நில்லுங்கள். மரத்தின் அடியிலும், விளம்பரப் பலகையின் அடியிலும், பழைய மதிற்சுவரை ஒட்டியும் நிறுத்தாதீர்கள்.

சாலையில் ஓடும் தண்ணீர்

சகோதரர்களே, இன்றைக்கு நாங்கள் சொல்வதில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்திலும், தண்ணீர் நிற்கிற ரயில்வே சுரங்கப்பாதையிலும் வண்டியை இறக்காதீர்கள்.

"கனமான வண்டி, தண்ணீர் என்ன செய்யும்" என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். எடை சுமார் 900 கிலோ. அடித்தளம் சாலையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும், 60 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தூக்கும். 15 சென்டிமீட்டர் ஏறினால் 900 கிலோ. அதாவது சாலையில் ஓரடிக்குச் சற்று மேலாகத் தண்ணீர் இருந்தாலே, வண்டியின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கத் தொடங்கிவிடும். பிறகு டயருக்கும் சாலைக்கும் உறவில்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இருந்தும் பயனில்லை. ஓடும் நீர் இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அதோடு, கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது. தண்டவாளம் தொங்கிய அதே இரவில் எத்தனையோ சாலைகளும் அரித்துப் போயிருந்தன. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். முன்னால் ஒரு பஸ் போனதே என்று பின்னால் போகாதீர்கள். பஸ்ஸின் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் அருகே, ரயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைநீரில் ஒரு கார் சிக்கி அதிலிருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். அங்கே ஆறு இல்லை, வெள்ளம் ஓடவில்லை. தேங்கிய மழைநீர்தான்.

ஊருக்குள் ஓட்டமில்லாமல் தேங்கிய, ஒரு சாணுக்கும் குறைவான, அடியில் பள்ளமில்லை என்று நன்கு தெரிந்த தண்ணீராக இருந்தால் மட்டும், முதல் கியரில் ஒரே சீராக, அலை எழுப்பாமல் கடந்து போங்கள். கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அது முழுதாகக் கெட்டுவிடும். அதற்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்காமலும் போகலாம்.

அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், வண்டி ஆழமான தண்ணீரில் மாட்டிவிட்டால் முதல் ஒரு நிமிடம்தான் உங்களுடையது. போன் பேசுவதில் அதைச் செலவழிக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கள். பிள்ளைகளை முதலில் வெளியேற்றுங்கள். பின் நீங்கள் வெளியேறி வண்டியின் கூரை மேலோ மேட்டுக்கோ போய்விடுங்கள். கதவைத் திறக்கப் போராடாதீர்கள். வெளியே கதவை ஒட்டி அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே, அதன் மேல் நூறு கிலோவுக்கும் மேலான பாரம் சாய்ந்திருக்கும். கண்ணாடி இறங்கவில்லை என்றால் பக்கக் கண்ணாடியின் மூலையில் சுத்தியலால் அடியுங்கள். முன் கண்ணாடியை அடித்துப் பயனில்லை, அது விரிசல் விடுமே தவிர உதிராது.

இன்னொன்று. மழைக்கு ஒதுங்கி வண்டிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், சைலன்சர் வாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். வெளியேற வழியில்லாத நச்சுப் புகை உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

இடியும் காற்றும்

இடி மின்னலின்போது, கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள் இருப்பவர் பெருமளவு பாதுகாப்பாக இருக்கிறார். மின்னல் விழுந்தாலும் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். உள்ளே உலோகப் பகுதிகளைத் தொடாமல் இருங்கள். பைக்கிலும் ஆட்டோவிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் கான்கிரீட் கட்டடத்துக்குள் ஒதுங்க வேண்டும். ஒற்றைப் பனையின் அடியோ வேப்பமரத்தின் அடியோ ஒதுங்கும் இடமல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசியது. தென்னைகளும் மின்கம்பங்களும் சாலைகளின் குறுக்கே விழுந்து ஊர் ஊராகப் பாதைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட காற்றில் உயரமான வேனும், காலி லாரியும் பாலத்தின் மேல் கவிழ்ந்துவிடும். புயலின் மையம் நம் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். புயல் முடிந்துவிட்டது என்று அப்போது வண்டியை எடுக்காதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடி வீசும்.

மின்கம்பி அறுந்து வண்டியின் மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள். உதவிக்கு வருபவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே இறங்குங்கள். வண்டியில் தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறு சிறு தாவலாக விலகிச் செல்லுங்கள்.

பைக்கில் பிள்ளைகளை அழைத்துப் போகிற வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் இருப்பவர் குடை பிடித்துக்கொண்டு வருவது மழையைவிட ஆபத்து. காற்று குடையைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். மழைக்கோட்டு வாங்கிக் கொடுங்கள். தாய்மார்கள் புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவையும் செயினிலும் சக்கரத்திலும் சிக்காதபடி ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

இந்த எண்களை இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தேசிய நெடுஞ்சாலை உதவி 1033.

ஓட்டச் சொல்வோருக்கு

இதுவரை சொன்னது ஓட்டுபவருக்கு. இவை எல்லாவற்றையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தாலும், "நிற்கிறேன்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லாவிட்டால் ஒரு பயனும் இல்லை. வாடகை வண்டி ஓட்டும் சகோதரரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நின்றால் நாளைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். பேட்டா கிடைக்காதோ என்ற பயம். பயந்தவன், தொடை நடுங்குபவன் என்று கேலி செய்வார்களோ என்ற கூச்சம். அவர் அறிவு நில் என்கிறது, அவர் வயிறு போ என்கிறது. அந்த வயிற்றுக்கு நாம் பொறுப்பேற்றால், அவர் அறிவு நம் பிள்ளைகளைக் காப்பாற்றும்.

அதற்காக நமது நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவுகளை அறிவிக்கிறோம்.

அறக்கட்டளையின் ஆம்புலன்ஸ், ஜனாஸா வண்டி, மதரஸா வேன் ஆகியவற்றின் ஓட்டுநர், மழை காரணமாக வண்டியை நிறுத்தினாலோ திருப்பினாலோ அந்த முடிவே இறுதியானது. தலைவர், செயலாளர் உட்பட யாரும் போன் செய்து ஓட்டச் சொல்லக் கூடாது. அந்த நாளின் சம்பளமும் பேட்டாவும் முழுதாகக் கொடுக்கப்படும். மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை அறிவிக்கப்படும் வரை காத்திராமல் மதரஸா வேன் நிறுத்தப்படும். மழைக்காலம் முழுவதும் பள்ளிவாசலை ஒட்டிய நமது கூடம் இரவிலும் திறந்திருக்கும். வழியில் மாட்டிக்கொண்ட எவரும், எந்தச் சமயத்தவரும், தங்கிக்கொள்ளலாம். பாயும், தேநீரும், கைபேசிக்குச் சார்ஜ் போடும் வசதியும் இருக்கும். 2023இல் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளுக்குச் சோறு பொங்கியவர்கள் அவர்களின் பெயரையோ ஊரையோ கேட்டுப் பொங்கவில்லை.

உங்களிடம் எங்கள் வேண்டுகோளும் சில உண்டு.

வாடகைக்கு வண்டி பேசும்போதே, "மழை பலமானால் நீங்கள் சொல்கிற இடத்தில் நிற்போம், வெயிட்டிங்கும் பேட்டாவும் தந்துவிடுகிறோம்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். திருவனந்தபுரம், திருச்சி, சென்னை விமான நிலையங்களுக்குப் போகிறவர்கள் மழைக்காலத்தில் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள். ஒரு நாள் தங்கும் செலவு மாற்று டிக்கெட்டின் விலையைவிடக் குறைவு. உயிருக்கு மாற்று டிக்கெட் கிடையாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிக்காஹ் வைப்பவர்கள், பகல் நேரத்தில் வையுங்கள். இரவு விருந்தைத் தவிர்த்தால் நூறு குடும்பங்கள் இருட்டில் மழையோடு திரும்ப வேண்டியிருக்காது. அழைப்பிதழிலேயே, "மழை எச்சரிக்கை இருந்தால் வீட்டிலிருந்தே துஆ செய்யுங்கள்" என்று ஒரு வரி அச்சடியுங்கள். வராதவர் மீது வருத்தம் வைக்காதீர்கள்.

ஜனாஸா விஷயத்தில் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறோம். தூரத்திலிருந்து வரும் மகனிடம், "உனக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று மணிக்கு மூன்று முறை போன் செய்யாதீர்கள். துக்கத்தில் இருப்பவர், இரவில், மழையில், தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். ஒரு வீட்டில் இரண்டு ஜனாஸா விழுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை. அடக்கும் நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வர முடிந்தால் வேறொருவரை ஓட்டச் சொல்லி வரட்டும். முடியாவிட்டால், இருக்கும் ஊரிலேயே காயிப் ஜனாஸா தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடம் இருக்கிறது. பிறகு வந்து கபுரின் அருகில் நின்று துஆ செய்யலாம். பெற்றவருக்கு மகன் செய்யும் துஆ பிந்திப் போவதில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகனோ கணவரோ வழியில் நின்றுவிட்டதாகப் போன் செய்தால், "இன்னும் எவ்வளவு நேரமாகும்" என்று கேட்காதீர்கள். "எங்கே நிற்கிறீர்கள், மேடான இடம்தானா, சாப்பிட்டீர்களா" என்று கேளுங்கள். வீட்டிலிருந்து போகும் அந்த ஒரு கேள்வி, சாலையில் அவருடைய வேகத்தை மாற்றும்.

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். மழை இல்லாத ஆண்டுகளில் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுது, கையேந்திக் கேட்டு வாங்குகிற ரஹ்மத். அது வரும்போது அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் அதற்குச் செய்யும் மரியாதைதான்.

யா அல்லாஹ்! இந்த ஆண்டு எங்களுக்குத் தரும் மழையைப் பயனுள்ளதாக ஆக்குவாயாக. சாலையில் இருக்கும் எங்கள் சகோதரர்களையும், அவர்களை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களையும் பாதுகாப்பாயாக. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கும் நிதானத்தை ஓட்டுபவருக்கும், காத்திருக்கும் பொறுமையை எங்களுக்கும் தருவாயாக. 2023 வெள்ளத்தில் உயிரிழந்த அனைவரின் குடும்பங்களுக்கும் ஆறுதல் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.